ஸ்கோப் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு வைஸ் தேடுங்கள்

கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பம்ப்செட் உதிரி பாகங்கள் கடைகிற இடம். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அங்கிருந்த வைஸில் ஒரு ரைபிள் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கியை, கட்டினோம். துப்பாக்கி கிடையாது, வெறும் ஸ்கோப் மட்டும். அதை மவுண்ட் வளையங்களில் மாட்டி, வளையங்கள் உட்காரும்படி பட்டறை அண்ணன் கடைந்து கொடுத்த இரும்புத் துண்டில் முறுக்கி, அந்தத் துண்டை வைஸ் தாடைகளுக்கு நடுவில் இறுக்கினோம். சந்தின் கடைசியில், சரியாக 50 மீட்டரில், காம்பவுண்டு சுவரில் ஸ்டீல் டேப் ஒன்றைச் செங்குத்தாக ஒட்டியிருந்தோம்.

ஸ்கோப்பின் மேலே இருக்கும் திருகுக்கு டரட் என்று பெயர். ஒரு க்ளிக் சுற்றினால் 0.1 மில் நகரும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 50 மீட்டரில் 0.1 மில் என்றால் 5 மில்லிமீட்டர். நூறு க்ளிக் சுற்றினால் குறுக்குக் கம்பி டேப்பில் 50 சென்டிமீட்டர் நகர வேண்டும். டரட்டை முதலில் அடிவரை இறக்கிவிட்டு, நான் ஒவ்வொன்றாக எண்ணிச் சுற்ற, அண்ணன் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூறாவது க்ளிக்கில் நகர்ந்திருந்தது நாற்பத்தாறரை சென்டிமீட்டர். திரும்ப நூறு க்ளிக் பின்னால் சுற்றினோம். புறப்பட்ட கோட்டுக்கு வரவில்லை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நின்றுவிட்டது.

"பேக்லாஷ்ங் தம்பி," என்றார் அண்ணன். வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் துப்பாக்கியைத் தொடாத மனிதர். "நம்ம பழைய லேத்துல கிராஸ் ஸ்லைடு இப்படித்தான் பண்ணும். டயல்ல ஒண்ணு காட்டும், டூல் வேற எடத்துல நிக்கும்."

அந்த ஸ்கோப்பை இணையத்தில் ஒரு கடையில் வாங்கியிருந்தேன். 24 மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் முன் லென்ஸ், சிவப்பு பச்சை விளக்கு, எல்லாம் உண்டு. பெட்டியைப் பார்த்தால் ஒன்றுக்கும் குறைவில்லை. இரண்டு மாதம் தோட்டத்தில் குறி தவறித் தவறி, பெல்லட்டை (ஏர் ரைபிள் குண்டை) திட்டி, காற்றைத் திட்டி, கடைசியில் என் கையையே சந்தேகப்பட்ட பிறகுதான் வைஸ் யோசனை வந்தது. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

குறைந்த விலையில் ஸ்கோப் தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்க வேண்டியது, "திருகு சொன்னபடி கேட்குமா?" என்று.

உள்ளே நடப்பது இதுதான். பெரிய குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்துகிற லென்ஸ்கள் அதற்குள் இருக்கின்றன. மேலேயும் பக்கத்திலும் இருக்கும் டரட் திருகுகள் அந்தச் சின்னக் குழாயை ஒரு பக்கம் தள்ள, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதைத் திருகோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் திருகு அளவி பிடித்தவர்களுக்குப் புரியும்; அதே வேலைதான். முன் லென்ஸின் குவியத் தூரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.1 மில் க்ளிக் ஒன்றுக்கு உள்ளே நகர வேண்டிய தூரம் 20 மைக்ரான். நூறு க்ளிக்குக்கு இரண்டு மில்லிமீட்டர். இதில் ஏழு சதவீதம் பிசகுவதற்கு, திருகின் புரியிடைத் தூரம் கொஞ்சம் மாறியிருந்தாலோ, ஸ்பிரிங் கொஞ்சம் தொய்ந்திருந்தாலோ போதும். மலிவான ஸ்கோப்பில் காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான். வெளியே தெரியாது. கையில் கேட்கிற "டிக் டிக்" சத்தம் அருமையாகத்தான் இருக்கும். அந்தச் சத்தத்துக்கும் உள்ளே நடக்கும் நகர்வுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

மேலே போவதற்குள் சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்று இருக்கும் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். வாங்கும்போது அடையாள அட்டை நகல் கேட்பார்கள். அதற்கு மேல் எதுவானாலும், .22 (0.22 அங்குலக் குழல்) உட்பட, லைசென்ஸ் இல்லாமல் தொடக்கூடாது. .22 சுடுவதென்றால் கிளப் ரேஞ்சில்தான். இன்னொன்று: நம் பக்கம் மயில் தொல்லை எப்படி என்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தக்காளியும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு அழாதவர் இல்லை. அதற்காக ஏர் கன்னை மயில் பக்கம் திருப்பினால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயில்தான். இந்தக் கட்டுரை காகித அட்டைக்கும் இரும்புத் தட்டுக்கும் மட்டும்.

சரி, நீண்ட தூரம் என்றால் எவ்வளவு? வெளிநாட்டில் எஃப்-கிளாஸ் என்று ஒரு போட்டி. ஆயிரம் கஜம் வரை போகும். நமக்கு அது கைக்கெட்டாத கதை. ஏர் ரைபிளுக்கு 50 மீட்டரே நீண்ட தூரம். ஃபீல்டு டார்கெட் போட்டிகளில் அதைச் சுற்றித்தான் எல்லை இருக்கிறது. .22 தோட்டாவுக்கு 100 மீட்டரைத் தாண்டினாலே கணக்குப் போட வேண்டிவரும், 200 மீட்டர் என்றால் நிஜமான வித்தை. உங்கள் பிள்ளையை ஒலிம்பிக் பாணி ரைபிள் போட்டிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஸ்கோப்பே வாங்காதீர்கள். 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைச் சின்ன ஓட்டை வழியே பார்க்கும் பீப் சைட்டால்தான் சுட வேண்டும், ஸ்கோப்புக்கு அங்கே இடமில்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு இருப்பவர்களுக்கு ஒரு வசதி. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பானால், முதல் மரத்திலிருந்து எட்டாவது மரம் 175 அடி, அதாவது 53 மீட்டர். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குகிற காசு மிச்சம். குறிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் சாலையும் இருக்கக்கூடாது, சாளையும் (தோட்டத்து வீடும்) இருக்கக்கூடாது. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தூரத்தில் குண்டு எவ்வளவு விழுகிறது என்று தெரிந்தால்தான் திருகின் அருமை புரியும். 0.54 கிராம் பெல்லட் வினாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைப்போம். அது சுமார் 16 ஜூல், சட்டத்துக்குள் இருக்கிறது. 25 மீட்டரில் ஜீரோ செய்திருந்தால் (அந்தத் தூரத்தில் குறுக்குக் கம்பி காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி திருகை வைத்திருந்தால்), 50 மீட்டரில் அது ஏறக்குறைய 9, 10 சென்டிமீட்டர் கீழே அடிக்கும். இரண்டு மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு டரட்டைச் சுற்றலாம், சுற்றாமல் ரெட்டிகிளில் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியில்) உள்ள கோட்டை வைத்தும் அடிக்கலாம். ஆனால் சாதாரண வேக .22 தோட்டாவை 50 மீட்டரில் ஜீரோ செய்துவிட்டு 200 மீட்டருக்குப் போனால், வீழ்ச்சி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஏழரை மில். இங்கே என் பழைய ஸ்கோப் மாதிரி ஏழு சதவீதம் பிசகினால் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போகும். திரும்ப 50 மீட்டருக்கு இறக்கினால் ஜீரோவும் இருக்காது. அப்புறம் எந்தக் குண்டு யார் தவறால் போனது என்று கடவுளுக்கே தெரியாது.

இப்போது மடங்குக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். நல்ல கண்ணுக்கு ஒரு ஆர்க்மினிட், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, பிரித்தறியும் திறன் உண்டு. 100 மீட்டரில் அது 29 மில்லிமீட்டர். 50 மீட்டரில் பெல்லட் போட்ட 4.5 மில்லிமீட்டர் ஓட்டையைக் கண்டுபிடிக்க, கணக்குப்படி மூன்று மடங்கு சொச்சம் போதும். கண் சிரமப்படாமல் பார்க்க அதைப் போல மூன்று பங்கு, பத்து மடங்கு, என்று வையுங்கள். .22 ஓட்டையை 100 மீட்டரில் பார்க்கக் கணக்குக்கு ஐந்து மடங்கு, வசதிக்குப் பதினைந்து. இதுவும் ஓட்டையைப் பார்ப்பதற்குத்தான். குறி வைக்க ஓட்டை தெரிய வேண்டியதில்லை, கறுப்பு வட்டத்தின் நடு தெரிந்தால் போதும். அமெரிக்க ராணுவத்தின் எம்24 ஸ்னைப்பர் ரைபிளில் பல வருஷம் இருந்தது மாறாத 10 மடங்கு லியூபோல்ட்தான். அதை வைத்து 800 மீட்டர் வரை அடித்தார்கள். நமக்கு எட்டாவது தென்னை மரத்துக்கு 24 மடங்கு வேண்டுமாம்!

அதிக மடங்குக்கு இன்னொரு விலையும் உண்டு. முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 24 மடங்கு வைத்தால் இரண்டு மில்லிமீட்டர்தான். படம் மங்கும், தலையைத் துளி அசைத்தாலும் கறுத்துவிடும். 40 மில்லிமீட்டர் லென்ஸில் 10 மடங்கு வைத்தால் நான்கு மில்லிமீட்டர். காலை மசங்கலிலும் தாராளம். மலிவான ஸ்கோப்புகளில் கடைசி மூன்றில் ஒரு பங்கு மடங்கு பெரும்பாலும் பெட்டியில் அச்சடிக்க மட்டும்தான் உதவுகிறது. அங்கே போனால் எல்லாம் பால் ஊற்றினது மாதிரி.

அதோடு நம் ஊர் வெயில். பல்லடம், தாராபுரம் பக்கம் ஏப்ரல் மாதம் பத்து மணிக்கு மேல் செம்மண் காட்டைப் பாருங்கள், தரை மேலே தண்ணீர் ஓடுவது மாதிரி கானல். 20 மடங்கில் பார்த்தால் குறியே கொதிக்கும். மடங்கைப் பத்துக்கு இறக்கினால் வட்டம் வட்டமாக நிற்கும். விடியலில் ஆறரையிலிருந்து எட்டரைக்குள் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் என் வழக்கம். கானலால் ஒரு நன்மையும் உண்டு: அது எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் காற்று.

காற்று என்று சொன்னதும் பாலக்காட்டுக் கணவாயைச் சொல்லாமல் விட முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் வழியே வரும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம், கேத்தனூர் வட்டாரத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆலைக்காரர்களுக்கு வரம், நமக்குச் சாபம். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றில் .22 தோட்டா 100 மீட்டரில் சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளும். நான் மேலே சொன்ன பெல்லட் 50 மீட்டரிலேயே அதைவிட அதிகம் தள்ளும், 13, 14 சென்டிமீட்டர். ஆடி மாதத்தில் இது ஒன்றும் பலத்த காற்று இல்லை. அதனால் ரெட்டிகிளில் வெறும் கூட்டல் குறி மட்டும் இருக்கிற ஸ்கோப்பை நம் பக்கத்துக்காரர்கள் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. பக்கவாட்டில் அரை மில்லுக்கு ஒரு கோடாவது வேண்டும். காற்று நொடிக்கு நொடி மாறும்போது டரட்டைச் சுற்றிக்கொண்டிருக்க முடியாது, கோட்டை வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

மில்லா, எம்.ஓ.ஏ.வா (மினிட் ஆஃப் ஆங்கிள், மேலே சொன்ன அதே ஆர்க்மினிட்) என்று ஒரு பெரிய சண்டை எப்போதும் நடக்கும். ஒரு காலத்தில் ஜவுளிக் கடையில் துணியைக் கஜத்தில் கிழித்தார்கள், எம்.ஓ.ஏ. அந்த உலகத்துச் சரக்கு. நூறு கஜத்துக்கு ஓர் அங்குலம் என்று பேச வசதி, அதுவும் சரியாக ஓர் அங்குலம் கூட இல்லை, 1.047. மீட்டரில் அளக்கிறவர்களுக்கு மில் தான் சுலபம்: 100 மீட்டரில் ஒரு மில் 10 சென்டிமீட்டர், ஒரு க்ளிக் ஒரு சென்டிமீட்டர். முடிந்தது. எதை வாங்கினாலும் ரெட்டிகிளும் டரட்டும் ஒரே அளவில் இருக்கட்டும். ரெட்டிகிள் மில்லிலும் டரட் எம்.ஓ.ஏ.விலும் இருக்கிற ஸ்கோப்புகளை இன்னமும் விற்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் 3.44 ஆல் பெருக்க உங்களுக்கு ஆசையிருந்தால் வாங்கலாம்.

எஃப்.எஃப்.பி. (ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன்), எஸ்.எஃப்.பி. (செகண்ட் ஃபோகல் பிளேன்) என்று இரண்டு வகை ரெட்டிகிள். முதலாவதில் மடங்கைக் கூட்டினால் கோடுகளும் சேர்ந்து பெரிதாகும், ஒரு மில் எப்போதும் ஒரு மில்தான். இரண்டாவதில் கோடுகள் ஒரே அளவில் நிற்கும், பெரும்பாலும் உச்ச மடங்கில்தான் அளவு சரியாக இருக்கும். 16 மடங்கு ஸ்கோப்பை 8-இல் வைத்தால் ஒரு மில் கோடு இரண்டு மில்லைக் காட்டும். கானலுக்காக மடங்கை இறக்கி ஏற்றுகிற நமக்கு எஃப்.எஃப்.பி. தோது. ஆனால் இதில் மலிவு வகையில் ஒரு குறை: குறைந்த மடங்கில் கோடு சிலந்தி நூல் மாதிரி ஆகிக் கண்ணுக்கே தெரியாது. எப்போதும் ஒரே மடங்கில், ஒரே தூரத்தில், மேஜை போட்டு உட்கார்ந்து சுடுகிறவருக்கு எஸ்.எஃப்.பி. தாராளமாகப் போதும்; அந்தக் காசில் கொஞ்சம் நல்ல கண்ணாடி கிடைக்கும்.

அடுத்தது பேரலாக்ஸ். பள்ளிப் புத்தகத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தோமே, அதேதான். சுவர்க் கடிகாரத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முள் வேறு நிமிஷம் காட்டும் இல்லையா? ஸ்கோப்பில் குறியின் பிம்பமும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் விழாவிட்டால், தலையைக் கொஞ்சம் நகர்த்தியதும் கம்பி குறி மேல் நகரும். பெரிய துப்பாக்கிக்கான மலிவு ஸ்கோப்புகளில் இதைத் தொழிற்சாலையிலேயே 100 கஜத்துக்குப் பூட்டிவிடுவார்கள். அதை ஏர் ரைபிளில் மாட்டி 20 மீட்டரில் பார்த்தால் குறி மங்கலாகவும் தெரியும், நகரவும் செய்யும். முன் லென்ஸைச் சுற்றித் திருத்துகிற வகையோ இடது பக்கம் உருளை வைத்துத் திருத்துகிற வகையோ, எதுவானாலும் சரி, 10 மீட்டர் வரை இறங்க வேண்டும். உருளையில் அச்சடித்த தூரத்தை நம்பாதீர்கள். ரைபிளைத் திண்டில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கம்பி குறி மேல் அசையாமல் நிற்கிற இடம் எதுவோ, அதை வெள்ளை பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். நம் ஊரில் இருக்கும் ஏர் ரைபிள்களில் நிறைய, குழலை மடித்து லோடு பண்ணுகிற ஸ்பிரிங் வகைதான். பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால் போகும், பிஸ்டன் முன்னால் போய் முட்டியதும் வெடுக்கென்று முன்னால் குதிக்கும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் லென்ஸ்கள் முதல் வகை உதைக்குத்தான் முட்டுக்கொடுக்கப்பட்டிருக்கின்றன. முன்னோக்கிய இந்த உதையில் நல்ல பெயர் வாங்கிய ஸ்கோப்பே ரெட்டிகிள் சுழன்று, லென்ஸ் கழன்று போயிருக்கிறது. ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. மவுண்ட்டும் இதே உதையில் ரைபிளின் மேலுள்ள பள்ளத்தில் பின்னோக்கி நகரும். ஆகவே நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட், இரண்டு தனி வளையங்களைவிட ஒரே துண்டாக வந்தால் நல்லது. மடக்குக் குழல் ரைபிளில் குழல் முனை கொஞ்சம் கீழே பார்த்திருப்பதும் சகஜம். அதை டரட்டால் சரிக்கட்டினால் ஏற்றம் எல்லாம் ஜீரோ செய்வதற்கே தீர்ந்துவிடும், 50 மீட்டருக்குச் சுற்ற இடமிருக்காது. பின் பக்கம் உயர்ந்த சாய்வு மவுண்ட் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. காற்று அடைத்துச் சுடும் பி.சி.பி. வகையில் இந்த உதைத் தொல்லை எதுவும் இல்லை, எந்த ஸ்கோப்பும் நிற்கும்.

கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பூச்சு இல்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு சுமார் நான்கு சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டு லென்ஸ் என்றால் பதினாறு பரப்பு. பாதி வெளிச்சம் வழியிலேயே போய்விடும். எல்லாப் பரப்புக்கும் பல அடுக்குப் பூச்சு போட்டால் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உள்ளே வரும். ஆகவே "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்ற மூன்று வார்த்தையையும் தேடுங்கள். வெறும் "கோட்டட்" என்பது வேறு. "ஹெச்.டி." என்று போட்டிருப்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது, அவரவர் இஷ்டம். பகலில் காகிதத்தில் சுடுகிறவருக்கு இதற்கு மேல் கண்ணாடி தேவையில்லை. 30 மில்லிமீட்டர் குழாய் வைத்த ஸ்கோப்பில் வெளிச்சம் கூடும் என்று சொல்வதும் தப்பு. அதன் பயன், உள்ளே இருக்கும் சின்னக் குழாய் மேலே கீழே நகர அதிக இடம் கிடைப்பது. .22-வை 200 மீட்டருக்குச் சுற்றுகிறவருக்கு அது வேண்டும், தோப்புக்காரருக்கு ஓர் அங்குலக் குழாயே போதும்.

பெயர்கள் கேட்பீர்கள். ஏர் ரைபிளுக்கென்றே ஏர்மேக்ஸ் என்று ஒரு வரிசை போடுகிறது இங்கிலாந்தின் ஹாக். .22 ஆட்களிடம் அடிக்கடி அடிபடும் பெயர்கள் வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் டாக்டிக்கல், ஆத்லான் ஆர்கோஸ், ஆர்கன். அமெரிக்காவில் இவை பெரும்பாலும் 300 முதல் 500 டாலருக்குள் விற்றவை. இங்கே வந்து சேரும்போது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆர்கனின் இ.பி.5 காசுக்கு மேல் கொடுக்கிறது என்பார்கள், ஆனால் அது ஒரு கிலோவுக்கு மேல் எடை. மேஜையில் வைத்துச் சுட அருமை, தோளில் வைத்துச் சுட்டால் மாலையில் தெரியும். எனக்குப் பிடித்தது எஸ்.டபிள்யு.எஃப்.ஏ.வின் மாறாத 10 மடங்கு 42 மில்லிமீட்டர். பார்க்கப் பழைய டார்ச் மாதிரி இருக்கும், விளக்கு இல்லை, மடங்கு மாறாது. ஆனால் அதன் டரட்டுக்கு உலகம் முழுக்க நல்ல பெயர். காசை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டிருக்கிறார்கள்.

ஆயுள் கால வாரண்டி என்பதில் மயங்க வேண்டாம். கடல் தாண்டி அனுப்பித் திரும்பப் பெறுகிற செலவில் பாதி ஸ்கோப் வாங்கிவிடலாம். நிக்கான் போன்ற கம்பெனியே 2019 கடைசியில் ரைபிள் ஸ்கோப் தொழிலை விட்டு விலகியது. பெரிய பெயர்களில் போலிகளும் சுற்றுகின்றன. திரும்ப எடுத்துக்கொள்ளும் நாட்கள் எத்தனை என்று கேட்டு வாங்கி, அந்த நாட்களுக்குள் வைஸ் சோதனையை முடித்துவிடுங்கள். எனக்கு அந்த நாட்கள் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

கையில் இருபதாயிரம் இருந்தால் முழுவதையும் ஸ்கோப்பில் போடாதீர்கள், நான்காயிரத்தையாவது மவுண்ட்டுக்கு ஒதுக்குங்கள். வளையத்தை மாட்டும்போது நம் ஆட்கள் டிராக்டர் போல்ட்டை முறுக்குவது மாதிரி முறுக்குவார்கள். நான் முறுக்கிய முதல் ஸ்கோப்பின் குழாயில் வளையத் தடம் இன்னும் இருக்கிறது, மடங்கு வளையம் பாதியில் சிக்கிக்கொள்ளும். மேல் வளையத் திருகுக்கு 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு, அதாவது சுமார் இரண்டு நியூட்டன் மீட்டர் போதும். இரண்டு விரலில் பிடித்து முறுக்கினால் கிட்டத்தட்ட அதுதான்.

ரெட்டிகிள் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரிடம் ஒரு தூக்குக் குண்டும் ஒரு ரசமட்டமும் கடன் வாங்குங்கள். ரசமட்டத்தை ரைபிளின் பள்ளத்தில் குறுக்காக வைத்து மட்டம் பிடித்துக்கொண்டு, 20 மீட்டரில் தொங்குகிற நூலோடு செங்குத்துக் கம்பியைச் சேர்த்துவிட்டு, அப்புறம் வளையத்தை இறுக்க வேண்டும். மூன்று பாகை சாய்ந்திருந்தாலும், ஒன்றரை மீட்டர் ஏற்றிச் சுடும் அந்த 200 மீட்டரில் குண்டு 8 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போகும். காற்று என்று நினைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் சுட்டவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது ஸ்கோப்பை வாங்கினதும் நேராகப் பட்டறைக்குத்தான் போனேன். இது 12 மடங்கு, விளக்கு கிடையாது, பெட்டியும் சுமார்தான். அதே இரும்புத் துண்டு, அதே வைஸ், அதே சுவர். நூறு க்ளிக்குக்கு 49.7 சென்டிமீட்டர். பின்னால் சுற்றினோம், புறப்பட்ட கோட்டிலேயே வந்து நின்றது. பக்கவாட்டுக்கும் டேப்பைப் படுக்கவைத்துப் பார்த்தோம். பிறகு மேலே ஐம்பது, வலது ஐம்பது, கீழே ஐம்பது, இடது ஐம்பது என்று ஒரு சதுரம் போட்டோம். புறப்பட்ட புள்ளிக்கே திரும்பியது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் இன்னும் வைஸ் முன்னால் குனிந்து கொண்டிருந்தார். இரும்புத் துண்டைக் கொஞ்சம் மேலே சாய்த்துக் கட்டியிருந்தார்.

"என்னங்ணா பாக்கறீங்க?"

"செவுத்துக்கு அக்கட்டால தென்னை மரத்துல ரெண்டு குலை முத்திருச்சுங் தம்பி. அந்த வூட்டுக்காரருக்குச் சொல்லோணும்."